சடைக்குத் தடை எழுதும் முன்: டர்பன் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ரெசர்வாயர் ஹில்ஸ் என்று டர்பனைச் சுற்றியுள்ள பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்து, ராத்திரி கூட்டத்தில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் பள்ளிக்காக உழைக்கிறீர்கள். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 8ஆம் பிரிவில், நடத்தை விதிகளை உருவாக்கும் பொறுப்பை உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் வாக்குரிமை உள்ளவர்களில் பெற்றோரே பெரும்பான்மை. அதனால் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குத் தலைமையாசிரியரை மட்டும் கைகாட்டிவிட்டு நகர முடியாது.

நான் பேச வந்தது முடியைப் பற்றிய வரி. இங்கே எல்லோரும் ட்ரெட்ஸ் என்று சொல்லும் சடைமுடியைச் சில பள்ளிகள் நேரடியாகத் தடுக்கின்றன. சில பள்ளிகள், மதத் தலைவரிடமிருந்து கடிதம் கொண்டுவந்தால் விடுகிறோம் என்கின்றன. இன்னும் சில, "எப்போதும் நேர்த்தியாக முறுக்கப்பட்டிருந்தால் சரி" என்று எழுதிவைத்திருக்கின்றன. மூன்றையும் நீக்குங்கள் என்று கேட்கிறேன். மூன்றாவதுதான் பார்க்க நல்ல விதி மாதிரி இருக்கும். பிள்ளையின் தலைக்கு அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என் மருமகள் ஜூலு இனத்துப் பெண். பேரனுக்குச் சடை. அவனுடைய இன்னொரு பாட்டி, என் சம்பந்தி அம்மா, அவனுக்கு கோகோ, நான் ஆச்சி. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் அவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வேலை பார்ப்போம். அவன் சேர்ந்திருந்த பள்ளியில் ஒருநாள், "வெட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் கடிதம் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசப்போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் பாதிப் பேர் நம் பெயர் கொண்டவர்கள். கெட்ட மனிதர்கள் என்று ஒருவரையும் சொல்லமாட்டேன். ஆனால் சடை எப்படி உருவாகிறது, எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. "சீப்பு படாத தலை" என்றார் ஒருவர். தெரியாமல் எழுதிய விதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் முடிக்கும் பேரன் முடிக்கும் வித்தியாசம் தோலுக்கு உள்ளேயே தொடங்குகிறது. அவனுடைய முடி முளைக்கும் குழியே வளைந்திருக்கும். வெளியே வரும் இழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். அதனால் இழை சுருள் சுருளாக வளர்கிறது. எந்தத் தலையிலிருந்தும் ஒரு நாளைக்கு 50இலிருந்து 100 முடி வரை உதிர்வது இயல்பு. நமக்கு அது சீப்பிலோ தலையணையிலோ போய்விடும். நெருங்கிய சுருளில் அது விழாது. பக்கத்து இழைகளோடு பின்னிக்கொண்டு உள்ளேயே நிற்கும். இப்படி உதிர்ந்த முடியும் வளரும் முடியும் சேர்ந்து இறுகுவதுதான் சடை. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் சுத்தமான முடிதான் வேகமாகப் பின்னிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையும் கண்டிஷனர் வழவழப்பும் இருந்தால் இழை நழுவிப் பிரிந்துவிடும்.

வீட்டிலேயே தொடங்கலாம். பார்லருக்கு ஓட வேண்டியதில்லை. முடி இரண்டு விரல்கட்டை நீளம் இருந்தால் போதும். முதலில் பசை எதுவும் மிச்சம் வைக்காத ஷாம்பு போட்டு நன்றாக அலசவேண்டும். பிறகு உச்சந்தலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கவேண்டும். இதில் அவசரம் கூடாது, ஏனென்றால் அன்று பிரித்த கட்டம்தான் கடைசிவரை. பென்சில் கனத்துக்குச் சடை வேண்டுமா, விரல் கனத்துக்கு வேண்டுமா என்பது கட்டத்தின் அளவில் இருக்கிறது. செங்கல் அடுக்குவது மாதிரி ஒரு வரிசையின் கோட்டுக்கு நேரே மேல் வரிசையின் கோடு வராமல் மாற்றி மாற்றி எடுத்தால், பின்னால் மண்டையில் வழிவழியாக இடைவெளி தெரியாது. சம்பந்தி அம்மா கண்ணாடி பார்க்காமலே இதை எடுப்பார். எனக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை.

பிரித்த ஒவ்வொரு கட்டத்தையும் பல வழிகளில் தொடங்கலாம். மெல்லிய சீப்பின் நுனியால் வேரிலிருந்து சுற்றிச் சுருட்டிவிடலாம். இரண்டு பிரியாக எடுத்து ஒன்றன் மேல் ஒன்று முறுக்கலாம். நெருங்கிய சுருளுக்கு இந்த இரண்டுமே நன்றாக நிற்கும். இந்த நாட்டில் அதிகம் செய்வது க்ரோஷே ஊசி வழி: மெல்லிய கொக்கி ஊசியை உள்ளே விட்டு இழைகளை இழுத்து இழுத்துச் சிக்கவைப்பது. அன்றைக்கே சடை மாதிரி ஆகிவிடும் என்பதால் இளைஞர்களுக்கு அதில் ஆசை. ஆனால் கை பழகாதவர் செய்தால் முடி உள்ளே அறுந்துபோகும், அதனால் குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது எங்கள் வீட்டு முடிவு. ஒன்றுமே செய்யாமல், அலசி அலசி விட்டு, தானாகச் சேர விடுபவர்களும் இருக்கிறார்கள். ராஸ்டஃபாரி மதத்தவர்களில் பலர் அப்படித்தான். பைபிளில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்து நசரேய விரதத்தில், சவரகன் கத்தி தலையில் படக்கூடாது என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் அவர்கள். அந்தத் தலை உங்கள் கண்ணுக்குக் கலைந்ததாகத் தெரியலாம். அவர்களுக்கு அது விரதம்.

இனி உங்கள் விதிக்கு நேராகச் சம்பந்தப்பட்ட இடம். தொடங்கிய முதல் சில வாரம் சடை வரி வரியாக, படம் வரைந்த மாதிரி அழகாக இருக்கும். அப்புறம் வீங்கும். நடுவில் முடிச்சு முடிச்சாகத் திரளும், பக்கவாட்டில் பஞ்சு மாதிரி மெல்லிழைகள் கிளம்பும், சில நுனிகள் பிரியும். முடி உள்ளுக்குள் பின்னிக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, சிலருக்கு ஒன்றரை வருஷமோ கழித்துத்தான் சடை உறுதியாகித் தொங்கும். அந்த நடுக்காலத்தில் பிள்ளையை ஆசிரியர் வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "தலை நேர்த்தியாக இல்லை" என்று சொன்னால் என்ன நடக்கும்? அம்மா பயந்துபோய் ஒவ்வொரு ஞாயிறும் வேரை இறுக்கி முறுக்குவாள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்யவேண்டியதை வாரா வாரம் செய்தால், சடை வேருக்கு அருகில் நூலாக மெலியும். நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி பின்வாங்கும். இழுப்பால் வரும் இந்தச் சொட்டையை ஆரம்பத்தில் கவனித்தால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வேர்க்குழி தழும்பாகி, அந்த இடத்தில் முடி வரவே வராது. "எப்போதும் நேர்த்தியாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும்" என்கிற வரி ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் இதைத்தான் செய்கிறது. மூன்றாவது விதி மோசமானது என்று நான் சொன்னதற்குக் காரணம் இது. காசும் இருக்கிறது: அலசி முறுக்கிவிடுவதை இங்கே வாஷ் அண்ட் ட்விஸ்ட் என்பார்களே, அதற்குக் கடையில் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்கவேண்டும். அடிக்கடி செய்யச் சொல்லும் பள்ளி அந்தச் செலவையும் சேர்த்துத்தான் சுமத்துகிறது.

சுத்தத்துக்கு வருவோம். அதைத்தானே கூட்டத்தில் அதிகம் கேட்டீர்கள். ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை தலைக்குக் குளிக்கவேண்டும். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் சடைகளுக்கு இடையே தெரியும் தோலைத் தேய்த்து, அந்த நுரையே வழிந்து சடைக்குள் இறங்கும்படி விட்டு, பிழிந்து பிழிந்து அலசவேண்டும். புதுச் சடை பிரியாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய வலைத்தொப்பி போட்டு அதன் மேலேயே தேய்க்கலாம். அலசுவதைவிட முக்கியம் காயவைப்பது. டர்பனின் கோடைக் காற்று எவ்வளவு ஈரம் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து வாடை வரும், வந்தால் லேசில் போகாது. அதனால் காலையில் அலசு, ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே என்பது சம்பந்தி அம்மாவின் கட்டளை. தூங்கும்போது சாட்டின் துணியில் தலைக்கட்டு, ஏனென்றால் பருத்தித் தலையணையின் பஞ்சு சடைக்குள் போய் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். அதைப் பொடுகு என்று நினைக்கிற ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன்.

மெழுகு கூடாது, வாசலின் கூடாது. அது சடைக்குள் இறங்கி உறைந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எந்த ஷாம்புவுக்கும் அசையாது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தேங்காய் எண்ணெயை உச்சியில் கொட்டி அழுத்தித் தேய்த்தால்தான் திருப்தி. சடைக்கு அது ஆகாது. தலைத்தோல் வறண்டால் இரண்டு சொட்டு விரலில் எடுத்துத் தோலில் மட்டும் தடவினால் போதும். முறுக்குவதற்குக் கற்றாழைச் சாறு போதும், கொல்லையில் இருக்கிறது. முறுக்கும் திசையை மாற்றக்கூடாது. வேர்ப்பக்கம் இரண்டு சடை ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அலசிய பிறகு ஒவ்வொன்றாக விரலால் பிரித்துவிடவேண்டும். பேன் என்று ஒருவர் கேட்டார். தலையோடு தலை முட்டி விளையாடினால் எந்தத் தலைக்கும் வரும். வந்தால் மருந்து இருக்கிறது.

இப்படி ஒரு தலையைக் கவனிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் "கவனிக்காத தலை" என்று எழுதுவது இதைத்தான்.

சரி, இது ஏன் குறிப்பாக நம் ஆட்களுக்கு? வேறு பெற்றோரும் குழுக்களில் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த ஊரிலேயே நடந்த ஒரு வழக்கு.

2004ஆம் ஆண்டு டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பெரிய பெண்ணானால் மூக்குத்தி போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பதினாறு வயதில் பாட்டி வைர மூக்குத்தி மாற்றிவிடுவார். பள்ளி விதியில் தோடுக்கு மட்டும் இடம், மூக்குத்திக்கு இல்லை. அம்மா விடவில்லை. சமத்துவ நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று போய், 2007 அக்டோபர் 5ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிள்ளைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா. அன்றைக்கு நம் வீடுகளில் எவ்வளவு சந்தோஷம்! கோயில் வாசலில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தீர்ப்பில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு பத்தி உண்டு. இவளுக்கு மூக்குத்தியை அனுமதித்தால் நாளைக்கு இன்னும் பல பிள்ளைகள் சடைமுடியோடும், பச்சை குத்திக்கொண்டும், கோவணத்தோடும் வருவார்கள் என்பது பள்ளித் தரப்பின் ஒரு வாதம். கவனியுங்கள்: நம் பிள்ளையின் மூக்குத்தியை மறுக்க, பூச்சாண்டியாகக் காட்டப்பட்டது சடைமுடிதான். லாங்கா அந்த வாதத்தில் ஒன்றும் இல்லை என்று தள்ளினார். இதுவரை தங்கள் மதத்தையோ பண்பாட்டையோ வெளிக்காட்ட அஞ்சிய பிள்ளைகள் இந்தத் தீர்ப்பால் தைரியம் பெற்றால் அது கொண்டாட வேண்டியது, பயப்பட வேண்டியதில்லை என்று எழுதினார். நம் மூக்குத்திக்குக் கிடைத்த தீர்ப்பு, சடை வைத்த பிள்ளைக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதில் நம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபாதியை நாமே அடித்துவிட்டு விதி எழுதுவது எந்த நியாயம்?

கடிதம் கேட்கும் விதிக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. மூக்குத்தி எங்கள் மதத்தில் கட்டாயம் என்று அந்தக் குடும்பம் சொல்லவில்லை. கட்டாயமில்லாமல், விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். அப்படியிருக்க, "நீ ராஸ்டஃபாரியா, நிரூபி" என்று ஏழாம் வகுப்புப் பையனை நிறுத்திக் கேட்பது எதற்கு? அதற்கும் முன்பே, 2002இல், சடையை மூடித் தொப்பி போட்டு வந்த ராஸ்டஃபாரி மாணவியை இடைநீக்கம் செய்த ஒரு பள்ளியின் முடிவைக் கேப் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சிறைக்காவலர் வழக்கு வந்தது. சடை வைத்திருந்ததற்காக கேப் டவுன் பொல்ஸ்மூர் சிறையில் வேலை இழந்த ஆண் காவலர்கள் அவர்கள். சிலருக்கு அது ராஸ்டஃபாரி நம்பிக்கை, சிலருக்கு முன்னோர் அழைப்பை ஏற்கும் க்ளோசா இனத்து மரபு. பெண் காவலர்கள் சடை வைக்கலாம், ஆண்கள் கூடாது என்பது அங்கே விதி. பாகுபாடு என்று தீர்ப்பாயிற்று. பெண்பிள்ளைகளுக்குச் சரி, பையன்களுக்குக் கூடாது என்று எழுதிவைத்திருக்கும் பள்ளிகள் இதைப் படிக்கவேண்டும். ஜெயில் காவலர் சடையோடு வேலை பார்க்கலாம் என்றால், பையன் சடையோடு கணக்குப் போடக்கூடாதா?

2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் இயற்கை முடிக்காகக் கைகளை உயர்த்திக்கொண்டு நின்ற படம் உங்கள் நினைவில் இருக்கும். பெரியவர்கள் பேசாததால் பிள்ளைகள் பேச வேண்டிவந்தது.

இந்த நாட்டில் முடி சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1950இன் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிந்த காலத்தில், தலையில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கிக்கொண்டால் இன்னொரு இனம். அந்தப் பென்சில் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்தது. அந்தக் காலத்து இனவாரிச் சட்டங்கள் நம்மையும் ஒரு பெட்டிக்குள் போட்டன. சாட்ஸ்வொர்த்தே அப்படி உருவான ஊர்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, யாருடைய உடம்பையும் அளவுகோல் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியும். முடியைச் சீப்பு போகிறதா போகவில்லையா என்று பார்த்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் விதியில், நம் கையெழுத்து இருக்கவே கூடாது.

கொஞ்சம் நம் பக்கமும் பார்க்கவேண்டும். வீட்டுச் சாமியறையில் சடாமுடியோடு உட்கார்ந்திருக்கும் சிவன் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிறோம். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தானாகச் சடை விழுந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்று கத்தரிக்கப் பயப்படுவார்கள். சாமி தலையில் இருந்தால் கும்பிடுவதும் கறுப்பினப் பிள்ளை தலையில் இருந்தால் முகம் சுளிப்பதும் எதனால் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் எங்கள் சொந்தக்காரர்கள் வாயால் கேட்ட காரணங்களை இங்கே எழுத மாட்டேன்.

எனவே அடுத்து விதிகளைத் திருத்தும்போது இதைச் செய்யுங்கள். சடைமுடி, பின்னல், ஆஃப்ரோ என்று பெயர் சொல்லித் தடுக்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். முடி சுத்தமாக இருக்கவேண்டும், கண்ணில் விழாமல் பின்னால் கட்டியிருக்கவேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி எழுதுங்கள், பையனுக்கும் பெண்ணுக்கும் அதுவே. முறுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது பள்ளியின் வேலையில்லை. வேதியியல் கூடத்தில் தீ இருக்கிறது, முடியைக் கட்டு என்றால் அது நியாயம். என் நேர்முடிப் பேத்திக்கும் அதைத்தான் சொல்வேன். ரக்பியில் சடையில் கோத்த மணிகளைக் கழற்று என்றால் அதுவும் நியாயம். நீச்சலுக்குச் சடை கொள்ளும் பெரிய தொப்பியை அனுமதியுங்கள். ஈரத்தோடு வகுப்புக்கு ஓடவேண்டியிராதபடி ஐந்து நிமிடம் கூடக் கொடுங்கள். பிள்ளையின் தலையை ஆசிரியர் தொட்டு இழுத்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி அவசியம் வேண்டும். முடிக்காகப் பரீட்சையிலிருந்தோ வகுப்பிலிருந்தோ வெளியே அனுப்பக் கூடாது என்றும் ஒன்று. விதியை மாற்றுவதற்கு முன் மாணவரையும் பெற்றோரையும் கலந்துபேசவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குச் சடை வைத்த பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிடுங்கள். முதல் வரிசையில் உட்காரவையுங்கள்.

உங்களில் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். சடை எப்படி இருக்கிறது, எப்படி அலசுகிறோம் என்று நேரில் பார்க்க விரும்பும் குழு எதுவாக இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை நானும் சம்பந்தி அம்மாவும் வருகிறோம், பேரனும் வரச் சம்மதித்திருக்கிறான். அவர் ஜூலுவில் சொல்வார், நான் தமிழில் சொல்கிறேன். கேள்வி எதுவானாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
பேரனின் சடையை முறுக்கிவிடும் ஒரு ஆச்சி,
டர்பன்